பழைய டிரம்பெட்டும் ஒரு துண்டுக் காகிதமும்

என் முதல் டிரம்பெட்டும் கையால் செய்ததுதான். பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் பேண்டுக்காக என்றோ மீரட்டிலிருந்து வரவழைத்த கருவி. என் கைக்கு வருவதற்குள் எனக்கு மூத்த நான்கு பையன்கள் அதை ஊதித் தேய்த்திருந்தார்கள். விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளில் நடு வால்வு பாதி வழியில் நின்றுவிடும். விரலால் தூக்கிவிட்டுத்தான் அடுத்த சுரத்துக்குப் போக முடியும். பெல் எனும் விரிந்த முனையின் விளிம்பில் பாத்திரக் கடைக்காரர் ஒடுக்கெடுத்த சுத்தியல் தடம் அப்படியே இருந்தது. ஆகவே, முப்பது வருடம் கழித்து நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு ஒரு விற்பனை அறிவிப்பில் "கையால் செய்தது, 1950களின் கருவி" என்று படித்தபோது நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெயர் கண்ணை மறைத்துவிட்டது: வின்சென்ட் பாக், மவுண்ட் வெர்னன்.

எங்கள் ஊர் பேண்டில் மூன்றாம் வரிசை டிரம்பெட்காரன் நான். பகலில் கணக்கு பார்ப்பவன். மவுண்ட் வெர்னன் பாக் என்றால் அந்த வரிசையில் எல்லோரும் சற்றுக் குரலைத் தாழ்த்துவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற ஊரில் 1890இல் பிறந்தவர் வின்சென்ட் பாக். படித்தது பொறியியல்; வாழ நினைத்தது டிரம்பெட்டை நம்பி. 1914இல் அமெரிக்கா வந்து பாஸ்டன் சிம்பொனியில் வாசித்தார். ஒரு சுற்றுப்பயணத்தின்போது பிட்ஸ்பர்க்கில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் வாய் வைத்து ஊதும் தன் மவுத்பீஸைக் கொடுத்தார். அந்த ஆள் அதைக் கெடுத்துவிட்டார். "இனி நானே செய்துகொள்கிறேன்" என்று காலால் மிதித்து ஓட்டும் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கி 1918இல் மவுத்பீஸ் கடையத் தொடங்கினார் பாக். டிரம்பெட் செய்யத் தொடங்கியது 1924இல். பட்டறை 1928இல் நியூயார்க்கின் பிராங்க்ஸுக்கும் 1953இல் அதன் பக்கத்து ஊரான மவுண்ட் வெர்னனுக்கும் போனது. 1961இல் கம்பெனியை செல்மர் என்ற இசைக்கருவி நிறுவனத்துக்கு விற்றார். 1960களின் நடுவில் பட்டறை இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட்டுக்குப் பெயர்ந்தது. கருவிக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்டிராடிவேரியஸ்'. தன்னடக்கம் மிகுந்தவர் என்று சொல்ல முடியாது.

என்னிடம் வந்தது மவுண்ட் வெர்னன் காலத்தைச் சேர்ந்தது. படத்தில் தங்கம் போல மின்னியது. நேரிலும் மின்னியது. பெட்டியின் சின்ன அறைக்குள் காய்ந்துபோன வால்வு எண்ணெய்ப் புட்டி ஒன்று, யாருடையதோ ஒரு பென்சில் கட்டை, பழுப்பேறிச் சுருண்ட ஒரு துண்டுக் காகிதம். காகிதம் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். எல்லாவற்றையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஊத உட்கார்ந்தேன்.

சளி பிடித்தவன் பாடுவது போலிருந்தது. கீழ் சுரங்கள் ஒருவாறு வந்தன. இசைத்தாளின் ஐந்து கோடுகளுக்கு மேலே இருக்கும் ஜி சுரத்தைத் தொட்டால் உடைந்தது. மெதுவாக ஊதினால் காற்று முதலில் வந்தது, சுரம் பின்னால் வந்தது. என்னுடைய மலிவான புதிய ஜப்பானியக் கருவி இதைவிட நன்றாகப் பேசியது. குறை என்னிடம்தான் என்று முடிவு கட்டி இரண்டு மாதத்தில் மூன்று மவுத்பீஸ் வாங்கினேன். பழைய கருவி வாங்கும் எல்லோரும் முதலில் செய்வது இந்தத் தவறைத்தான். மவுத்பீஸ் மாற்றினால் இரண்டு நாள் புதிதாகத் தெரியும். மூன்றாம் நாள் பழைய அடைப்பு திரும்பி வந்துவிடும்.

பேண்டில் முதல் வரிசை வாசிக்கும் நண்பர் கடைசியில் என்னை ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். எழுபது வயது தாண்டியவர், வீட்டின் அடித்தளத்தில் பட்டறை வைத்திருந்தார். கருவியைக் கையில் வாங்கியதும் அவர் ஊதவில்லை. முதல் வால்வின் ஸ்லைடை, அதாவது அதோடு சேர்ந்த நகரும் குழாயை, மெல்ல வெளியே இழுத்தார். வால்வை அழுத்தாமல் இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாக வேண்டும்; முழுதாக வெளியே வரும்போது போத்தல் மூடி திறப்பது போல 'டப்' என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்டது. மூன்றாவது ஸ்லைடிலும் கேட்டது, சற்றுச் சோர்வாக. "பிஸ்டன்கள் பிழைத்துக்கொண்டன" என்றார். வால்வுக்குள் மேலும் கீழும் போகும் உருளைதான் பிஸ்டன். அது தேய்ந்து காற்று கசிந்தால் அதன் மேல் மறுபடி நிக்கல் முலாம் ஏற்றி, உறையோடு பொருந்தும்படி இழைக்க வேண்டும். பல நூறு டாலர் செலவாகும் வேலை. செய்யத் தெரிந்தவர்களும் குறைவு. கருவி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு சோதனையை மட்டுமாவது கடையிலேயே செய்துவிடலாம். காசும் வேண்டாம், உபகரணமும் வேண்டாம்.

அடுத்து மெயின் ஸ்லைடைக் கழற்றினார். ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதினார். எச்சில் வடியும் சாவியின் கீழே இருக்கும் கார்க் வழியாகக் காற்று சீறியது. கடுகளவு கசிவு. அந்தக் கடுகுதான் என் மேல் ஜியை உடைத்துக்கொண்டிருந்த காரணங்களில் ஒன்று. புதுக் கார்க் போட ஐந்து நிமிடம் ஆனது.

பிறகு வால்வுகளின் உயரம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தையும் கீழே போய் நிற்கும் இடத்தையும் ஃபெல்ட், கார்க் வளையங்கள்தான் தீர்மானிக்கின்றன. அறுபது வருடம் மிதிபட்ட ஃபெல்ட், பழைய மெத்தை போலத் தட்டையாகிவிடும். அப்போது பிஸ்டனில் உள்ள துளையும் உறையில் உள்ள துளையும் நேருக்கு நேர் நிற்காது. காற்றுக் குழாயின் நடுவில் ஒரு சிறு படிக்கட்டு முளைத்தது போலாகிவிடும். ஸ்லைடைக் கழற்றி, உள்ளே விளக்கடித்து, பல் மருத்துவர் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற ஒன்றால் எனக்குக் காட்டினார். துளையின் ஓரத்தில் பிறை நிலா போலப் பிஸ்டனின் சுவர் தெரிந்தது. மூன்று வால்விலும் அப்படித்தான். எல்லா ஃபெல்ட்டையும் மாற்றி, அளந்து, மறுபடி அளந்து, பிறையை மறைய வைத்தார்.

அன்று மாலை அதே மவுத்பீஸோடு ஊதினேன். அதே கருவி அல்ல அது. சுரத்துக்கு நடுவில் ஒரு தண்டு வந்திருந்தது. மெதுவாக ஊதினாலும் அந்தத் தண்டு ஒடியவில்லை. பாக் கருவிகளைப் பற்றி எல்லோரும் சொல்லும் குணம் இதுதான்: ஒவ்வொரு சுரமும் தனக்கென ஒரு பள்ளம் வெட்டி அதில் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது வின்சென்ட் பாக்கை அல்ல, நசுங்கின ஃபெல்ட்டை.

பெரியவர் அன்று சொன்ன கெட்ட செய்திகளும் உண்டு. முதலாவது, அந்த மின்னல். கருவியை யாரோ சக்கரத்தில் வைத்து மெருகு போட்டு மறுபடி லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சைப் பூசியிருந்தார்கள். பெல்லில் செதுக்கிய எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எழுத்தின் விளிம்பு கையில் தட்டவில்லை, தேய்ந்த நாணயம் போல வழுவழுத்தது. டிரம்பெட் பெல்லின் தகடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான். மெருகு போடும்போது போவது அழுக்கு மட்டுமல்ல, பித்தளையும்தான். அன்றிலிருந்து பழைய கருவி ஒன்று அதிகமாகப் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. லேக்கர் உரிந்து, கைபட்ட இடம் கறுத்து, எழுத்து மட்டும் கூர்மையாக இருக்கும் கருவியைக் கண்டால் நின்று பார்க்கிறேன்.

இரண்டாவது செய்தி லீட்பைப். மவுத்பீஸிலிருந்து காற்று முதலில் நுழையும் குழாய் அது. அதன் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இரண்டு இருந்தன. எச்சிலும் ஈரமும் உள்ளே தங்கி, பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தை அரித்துவிடும். செம்பு மட்டும் மிஞ்சும். அந்தச் சிவப்புதான் வெளியே தெரிகிறது. நோய் உள்ளிருந்து வெளியே வருவது, ஆகவே வெளியே புள்ளி தெரிந்தால் உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று அர்த்தம். "மாற்றிவிடலாமா?" என்று கேட்டேன். ஓட்டை விழும்வரை தொட வேண்டாம் என்றார். லீட்பைப்பின் உட்சரிவு டிரம்பெட்டின் குணத்தில் பெரும்பங்கு வகிப்பது. புதிதாகப் போடுவது பழையதைப் போல இருக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஊதும் முன் பல் துலக்குவது, சர்க்கரை போட்ட காப்பி குடித்துவிட்டு ஊதாமலிருப்பது, மாதம் ஒருமுறை பாம்பு போன்ற நீளத் தூரிகையால் உள்ளே தேய்ப்பது. இந்த மூன்றை மட்டும் செய்யச் சொன்னார். எட்டு வருடமாகச் செய்கிறேன். புள்ளிகள் இன்னும் இரண்டுதான்.

அந்த அடித்தளத்துக்குச் சனிக்கிழமைதோறும் போகத் தொடங்கினேன். பழுதுபார்க்க வரும் கருவிகளை, சொந்தக்காரரின் அனுமதியோடு, எனக்கும் ஊதக் கொடுப்பார். ஒரு சனிக்கிழமை பாரிசின் பெஸ்ஸோன் ஒன்று வந்தது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க டிரம்பெட் கதையில் பாட்டன் ஸ்தானம் அதற்குத்தான். குஸ்தாவ் பெஸ்ஸோன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிசில் தொடங்கிய பட்டறை; பிறகு லண்டனிலும் கிளை விட்டது. இரண்டு ஊரிலும் பெஸ்ஸோன் என்ற பெயரில் கருவிகள் வந்ததால் இன்றும் குழப்பம் உண்டு. டிரம்பெட்காரர்கள் தேடுவது பாரிஸ்காரரை. கையில் எடுத்தால் இறகு போல் கனமே இல்லை. மூச்சை நினைத்த கணமே சுரம் வந்துவிட்டது. ஆனால் பலமாக ஊதினால் ஒரு கட்டத்துக்கு மேல் ஒலி விளிம்பில் கிழியத் தொடங்கியது.

சிகாகோ சிம்பொனியில் 1930களில் முதல் டிரம்பெட் வாசித்த எல்டன் பெஞ்ச், இந்தப் பெஸ்ஸோனை மாதிரியாக வைத்துத்தான் சொந்தமாகக் கருவி செய்யத் தொடங்கினார். 1953இல் கலிபோர்னியாவின் பர்பாங்க் நகருக்குப் போனார், 1960இல் காலமானார். பர்பாங்க் பெஞ்ச் ஒன்றையும் அங்கே ஊதியிருக்கிறேன். பாக் எங்கே பிடிவாதமாக நிற்கிறதோ அங்கே பெஞ்ச் ஓடுகிறது. வேகமான வரிகளில் நாக்கு எட்டு வைத்தால் அது பத்து வைக்கிறது. இரைச்சலான பேண்டில் என் சத்தம் எனக்கே கேட்கும் என்பது இன்னொரு சௌகரியம்.

எல்க்ஹார்ட்டில் செய்த மார்ட்டின் கமிட்டி என்ற டிரம்பெட் நேர் எதிர். டிரம்பெட் வடிவமைப்பாளர் ரெனால்டு ஷில்கியின் கை பட்டது. ஜாஸ் கலைஞர்கள் மைல்ஸ் டேவிஸும் செட் பேக்கரும் வாசித்த கருவி. அதில் சுரத்துக்குப் பள்ளமே இல்லை, மணல்மேடுதான். உதட்டை லேசாக அசைத்தால் சுரம் சரியும், மேலேறும். குரல் போலக் குழைத்துப் பாட விரும்புகிறவனுக்குச் சொர்க்கம். எங்கள் ஊர் பேண்டில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மார்ச் வாசிக்கும் கணக்குப்பிள்ளைக்கு அது வேண்டாம். எனக்கு அதை வாங்கும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. டேவிஸை நினைத்து ஆசைப்பட்டு, என் காதை நினைத்து விட்டுவிட்டேன்.

பழைய கருவியின் சுரசுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாங்கியவர்கள் என்னைத் திட்டுவார்கள். முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேர்ந்தால் எந்த டிரம்பெட்டிலும் சுருதி சற்று ஏறிவிடும். காரணம் எளிது. ஒவ்வொரு ஸ்லைடும் வெறும் குழலின் நீளத்துக்கு ஏற்ப அளந்து செய்தது. முதல் வால்வை அழுத்தியதும் குழல் ஏற்கெனவே நீண்டுவிட்டது. அந்த நீண்ட குழலுக்கு மூன்றாம் ஸ்லைடின் அளவு போதவில்லை. ஆகவே கீழ் டி, சி ஷார்ப் இரண்டிலும் ஸ்லைடை வெளியே தள்ள வேண்டும். இன்றைய கருவிகளில் இடது கையின் இரண்டு விரலுக்கும் வளையமோ வளைவோ இருக்கும். பழையவை பலவற்றில் முதல் ஸ்லைடில் ஒன்றுமே இருக்காது. மூன்றாவதில் வளையம் இருந்தாலும் ஸ்லைடு களிம்பேறி இறுகிப் போயிருக்கும். வாங்கும்போதே அது வழுக்கிக்கொண்டு நகர்கிறதா என்று பாருங்கள். மேல் இ சுரம் 14 சென்ட் அளவு (அரைச் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்வது இயற்கை விதி, செய்தவரின் குற்றமல்ல. ஒன்றும் இரண்டும் சேர்த்து அழுத்தி அந்தச் சுரத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககாலக் கருவி என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. எங்கள் பேண்டில் ஒருவர் டிரம்பெட்டின் குட்டைச் சகோதரனான, அழகான வெள்ளி முலாம் போட்ட கார்னெட் ஒன்றைக் கொண்டுவந்தார். எவ்வளவு இழுத்தாலும் எங்களோடு சேரவில்லை. குழலில் எச்.பி. என்று இரண்டு எழுத்து, 'ஹை பிட்ச்' என்பதன் சுருக்கம். அந்தக் காலத்தில் பேண்டுகள் ஏ சுரத்தை 440 அதிர்வுக்குப் பதிலாக 452 அல்லது அதற்கும் மேலே வைத்திருந்தன. அந்த உயர்ந்த சுருதிக்கென்றே செய்த குழல் அது. இப்போது அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

சரி, கையால் செய்ததால் என்ன கிடைக்கிறது? பித்தளைத் தகட்டைக் கத்தரித்து, மடித்து, விளிம்போடு விளிம்பு பற்றவைத்து, பழுக்கக் காய்ச்சி, அச்சின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி, மறுபடி காய்ச்சி, கடைசியில் சுழற்றி இழைத்தால் ஒரே தகட்டாலான பெல் கிடைக்கும். நியூரம்பர்க் நகரின் கைவினைஞர்கள் பதினேழாம் நூற்றாண்டில், வால்வே இல்லாத நீள டிரம்பெட்டுகளுக்கு ஏறக்குறைய இப்படித்தான் செய்தார்கள். யோஹான் வில்ஹெல்ம் ஹாஸ் தன் கருவியில் பெயரோடு ஒரு முயலையும் பொறிப்பார். ஜெர்மன் மொழியில் முயலுக்கு அந்தச் சாயலில்தான் பெயர். என் பாக்கின் பெல்லுக்குள் விளக்கடித்தால் பற்றவைத்த கோடு மயிரிழை போலத் தெரிகிறது. ஆனால் ஒரே தகட்டில் தட்டிச் செய்யும் பெல் பழங்கதையாகிவிடவில்லை. எல்க்ஹார்ட்டில் பாக் பெல் இன்றும் அப்படித்தான் உருவாகிறது.

பித்தளையின் வயதுதான் இனிமைக்குக் காரணம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நரசிங்கன்பேட்டையில் நாகஸ்வரம் செய்யப் பழைய வீட்டு உத்தரத்து ஆச்சா மரத்தைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. மரம் உலர்ந்து முதிரும். பித்தளைக் குழலில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்றின் வடிவத்தைக் குழலின் உட்சரிவும் பெல்லின் விரிவும் தீர்மானிக்கின்றன. என் அனுபவத்தில் சொல்வதானால், சுத்தியல்காரர் அன்று எவ்வளவு தட்டினார், எங்கே கனம் குறைந்தது, லீட்பைப் எந்த அளவில் நின்றது என்பதில்தான் வேறுபாடு. அதனால்தான் ஒரே வருடத்தில் ஒரே எண்ணுள்ள பெல்லோடு வந்த இரண்டு பாக் கருவிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரியவரின் மேசையில் இரண்டை ஒரே நாளில் ஊதிப் பார்த்தேன். ஒன்று என்னுடையதைவிட நன்றாக இருந்தது, மற்றது மரக்கட்டை. அதற்கும் ஃபெல்ட் மாற்றிப் பார்த்தார். மரக்கட்டையாகவே இருந்தது. மட்டமானவை உருக்கும் உலைக்கோ பள்ளி அலமாரிக்கோ போய்விடுகின்றன. நல்லவை கை மாறி கை மாறி வாழ்கின்றன. பழையதெல்லாம் நன்றாக இருந்தது என்ற பெயர் பெரும்பாலும் அப்படி வந்ததுதான். பாக்கின் பட்டறையில் ஒவ்வொரு கருவிக்கும் அட்டை எழுதி வைத்திருந்தார்கள். அட்டை எந்த பெல், எந்தத் துளை அளவு என்று சொல்லும். நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.

ஒருநாள் வீட்டில் பரீட்சை வைத்தேன். மனைவியும் மகளும் சுவரைப் பார்த்து உட்கார, பாக், பெஞ்ச், என் ஜப்பானியக் கருவி மூன்றிலும் ஒரே ஞானப்பாட்டை வாசித்தேன். மகள் இரண்டாவதாக வந்த பெஞ்ச் கொஞ்சம் கூர்மை என்றாள். மனைவி, "மூன்றும் ஒன்றுதான், முதல் தடவை நீங்கள் பயந்து வாசித்தீர்கள்" என்றாள். முதலில் வாசித்தது பாக். பெல்லுக்கு முன்னால் இருப்பவருக்குத் தெரியும் வேறுபாட்டைவிட, பின்னால் மூச்சு விடுகிறவனுக்குத் தெரியும் வேறுபாடு பல மடங்கு பெரியது. கேட்பவர்களுக்காக ஒரு பழைய டிரம்பெட்டை வாங்குவது வீண் செலவு. உங்களுக்கு அது எளிதாகப் பேசுகிறது என்றால் வாங்குங்கள். ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுக்காதவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மவுத்பீஸின் முனை லீட்பைப்புக்குள் போய் நிற்கும் இடத்தில், குழாயின் தொடக்கத்துக்கும் முனைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும். மூன்று மில்லிமீட்டர் வாக்கில். அது கூடினாலும் குறைந்தாலும் கருவியின் பதில் மாறுகிறது. இன்றைய மவுத்பீஸை பழைய குழலில் செருகும்போது அந்த இடைவெளி யாருக்கும் தெரியாமல் மாறிவிடுகிறது. என் பாக்கில் மேல் ஏ சுரம் மட்டும் இன்னும் நழுவிக்கொண்டிருந்தது. பெரியவரிடம் சொன்னேன். அவர் மேசையிலிருந்த ரசீதின் ஓரத்தைக் கிழித்தார். மவுத்பீஸின் தண்டைச் சுற்றி ஒரு சுற்று வைத்துச் செருகினார். தண்டு ஒரு மயிரிழை வெளியே நின்றது. ஊதினேன். ஏ சுரம் வந்து உட்கார்ந்தது. இன்னொரு சுற்று வைத்தார், கெட்டுப்போனது. ஒரு சுற்றுதான் அளவு. நிரந்தரமாகச் செய்ய மவுத்பீஸைக் கடைய வேண்டும், இல்லையென்றால் காகிதமே போதும், பலர் வருடக்கணக்கில் காகிதத்தோடுதான் வாசிக்கிறார்கள் என்றார்.

ரசீதுத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தின் அகலம். வட்டமாகச் சுருண்டிருந்தது.

எனக்கு முன்னால் அந்தக் கருவியை வாசித்தவர், அறுபது வருடத்தில் எப்போதோ, இதே ஏ சுரத்தோடு மல்லுக்கட்டி அளவைக் கண்டுபிடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் முதல் நாளே குப்பையில் போட்டேன். இப்போது பெட்டியின் சின்ன அறையில், எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில், என்னுடைய துண்டு இருக்கிறது. ஒரு சிறு உறையில் போட்டு மேலே எழுதியும் வைத்திருக்கிறேன்: "ஒரு சுற்று. எறிய வேண்டாம்."